வெளிநாட்டில் ஒரு பள்ளி ஆண்டு: பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள்

மாணவர் பரிமாற்றத் திட்டத்துக்கு விண்ணப்பிப்பவர்களை நேர்காணல் செய்யும் தன்னார்வலர் குழு ஒன்றில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். பிள்ளைகள் எந்த நாடு என்று கேட்கிறார்கள். பெற்றோர் எவ்வளவு ஆகும் என்று கேட்கிறார்கள். யாருடைய வீட்டில் தங்குவது, பிரச்சினை வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்பவர்கள் குறைவு. அந்த ஆண்டு நன்றாகப் போவதும் போகாததும் பெரும்பாலும் அந்த இரண்டில்தான் இருக்கிறது என்பதால் இங்கே அவற்றுக்கு இடம் அதிகம்.

மாணவர் பரிமாற்றத் திட்டம் என்பது என்ன?

ஏறத்தாழ 15 முதல் 18 வயதுக்குள் இருக்கும் பள்ளி மாணவர் ஒருவர் வேறொரு நாட்டுக்குப் போய், அங்கே ஒரு குடும்பத்துடன் தங்கி, அந்த ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஓர் ஆண்டோ அரையாண்டோ படிப்பதுதான் திட்டம். தங்கவைக்கும் குடும்பத்தை ஹோஸ்ட் குடும்பம் என்பார்கள்.

இதன் பின்னணியில் இருப்பது போர். ஏஎஃப்எஸ் (அமெரிக்கன் ஃபீல்டு சர்வீஸ்) அமைப்பு, முதல் உலகப் போரின்போது பிரான்ஸில் காயம்பட்ட வீரர்களை ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தன்னார்வ ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் அமைப்பாகத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரிலும் அதே பணியைச் செய்த அந்த ஓட்டுநர்கள், போர் முடிந்ததும் பள்ளி மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்பும் வேலையை எடுத்துக்கொண்டார்கள். ஒய்எஃப்யூ (யூத் ஃபார் அண்டர்ஸ்டாண்டிங்) அமைப்பு 1951-இல் ஜெர்மானியப் பதின்பருவத்தினரை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலக் குடும்பங்களில் தங்கவைத்ததில் பிறந்தது. நேற்றுவரை எதிரி நாடாக இருந்த நாட்டின் பிள்ளையை வீட்டுக்குள் அழைத்து ஓர் ஆண்டு உணவிட்டவர்கள் அவர்கள். பள்ளியைவிட வீட்டுக்கு இந்தத் திட்டங்கள் அதிக முக்கியத்துவம் தருவதற்கு இந்த வரலாறே காரணம்.

வெளிநாட்டு உறைவிடப் பள்ளியில் பணம் கட்டிச் சேர்ப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

நிறைய. அமெரிக்காவை எடுத்துக்கொண்டால் விசாவிலேயே வேறுபாடு தொடங்கிவிடுகிறது. பரிமாற்ற மாணவருக்கு ஜே-1 விசா. அதிகபட்சம் ஒரு கல்வியாண்டு. அரசு அங்கீகரித்த ஓர் அமைப்பு முழுப் பொறுப்பு ஏற்கும். எஃப்-1 விசாவில் போகும் மாணவர் பள்ளியின் மாணவர். அவர் அரசுப் பள்ளியில் சேர்ந்தால் 12 மாதங்களுக்கு மேல் இருக்க முடியாது. ஒரு மாணவருக்குப் பள்ளி செய்யும் முழுச் செலவையும் அவரே கட்ட வேண்டும். தனியார் பள்ளிக்கு அந்தக் கால வரம்பு இல்லை.

வெளிநாட்டுப் பள்ளிச் சான்றிதழும் கல்லூரிச் சேர்க்கையும்தான் உங்கள் குறிக்கோள் என்றால், உறைவிடப் பள்ளியே உங்களுக்குப் பொருத்தம். அதைப் பரிமாற்றத் திட்டத்தில் தேடி ஏமாற வேண்டாம்.

வயது வரம்பு என்ன? முதல் மதிப்பெண் எடுக்க வேண்டுமா?

அமெரிக்கத் திட்டங்களில் புறப்படும்போது 15 வயது நிறைந்திருக்க வேண்டும், பதினெட்டரை வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. மற்ற நாடுகளிலும் ஏறக்குறைய இதே வரம்புதான். பதினாறு வயதில் போவது நல்லது என்பது என் எண்ணம். அதற்கு முன்பு பல பிள்ளைகளுக்குத் தங்கள் மனத்தில் என்ன நடக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லத் தெரிவதில்லை. அதற்குப் பின்பு இறுதித் தேர்வுகள் கழுத்தை நெரிக்கத் தொடங்கிவிடுகின்றன.

மதிப்பெண் நடுத்தரத்துக்கு மேல் இருந்தால் போதும். நேர்காணலில் நாங்கள் கவனிப்பது வேறு. கேள்விக்குப் பிள்ளை பதில் சொல்கிறதா, அம்மா சொல்கிறாரா? தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறதா? கடைசியாக யாருடன் சண்டை, அது எப்படித் தீர்ந்தது என்று கேட்டால் விழிக்கிறதா? சண்டையே போட்டதில்லை என்று சொல்லும் பிள்ளைகளைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை.

எந்த நாட்டைத் தேர்ந்தெடுப்பது?

இதில் பெற்றோர் செலவிடும் நேரத்தில் பாதியை அமைப்பைத் தேர்ந்தெடுப்பதில் செலவிட்டால் நன்றாக இருக்கும். நாட்டை நீங்கள் தேர்ந்தெடுத்தாலும் ஊரைத் தேர்ந்தெடுக்க முடியாது. புகழ்பெற்ற நகரத்தை மனத்தில் வைத்து விண்ணப்பித்தவருக்குப் பள்ளி ஒன்று, நூலகம் ஒன்று, கடைத்தெரு ஒன்று என்றிருக்கும் சிற்றூர் அமைவது சர்வ சாதாரணம். அதில் குறை இல்லை. சிறிய ஊரில் புதிதாக வந்த பிள்ளையை எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெருநகரத்தில் அது கூட்டத்தில் ஒருவராகக் கரைந்துபோகும்.

கல்வியாண்டு நாட்டுக்கு நாடு மாறும் என்பதை மட்டும் முதலிலேயே பாருங்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் தொடங்குகிறது, ஜப்பானில் ஏப்ரலில், ஆஸ்திரேலியாவில் ஜனவரி இறுதியில் அல்லது பிப்ரவரியில். உங்கள் பள்ளியின் நாள்காட்டியுடன் இது எங்கே இடிக்கிறது என்று தெரியாமல் முன்பணம் கட்டாதீர்கள்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

அமைப்புக்கும் நாட்டுக்கும் ஏற்பத் தொகை மாறும். ஆனால் என்னென்ன தலைப்புகளில் பணம் போகும் என்று சொல்லலாம்: பங்கேற்புக் கட்டணம், விமான டிக்கெட், மருத்துவக் காப்பீடு, விசா, கைச்செலவு. ரோட்டரியின் இளைஞர் பரிமாற்றத்தில் தங்குமிடம், உணவு, பள்ளிக் கட்டணம் ஆகியவற்றை ஏற்கும் தரப்பு பார்த்துக்கொள்கிறது. பயணமும் காப்பீடும் ஆவணங்களும் உங்கள் பொறுப்பு. பெற்றோர் ரோட்டரி உறுப்பினராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

முழு உதவித்தொகைத் திட்டங்களும் உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறை 2002-இல் தொடங்கிய கென்னடி-லூகர் திட்டம் குறிப்பிட்ட சில நாடுகளின் மாணவர்களுக்கானது. அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் இடையே 1983 முதல் இரு நாடாளுமன்றங்களின் ஆதரவில் நடக்கும் பரிமாற்றம் இன்னொன்று. இவையெல்லாம் அரசுகளின் பணத்தில் நடப்பவை. எனவே இந்த ஆண்டு அறிவிப்பு வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கட்டண அறிக்கையில் தெரியாத செலவுகள்தான் பிறகு உறுத்தும். பள்ளியில் மதிய உணவு, விளையாட்டுக் குழுவின் சீருடை, குளிர்காலக் கோட்டு, செல்பேசி இணைப்பு. பல் மருத்துவத்தையும் பழைய நோய்களையும் பல காப்பீடுகள் ஏற்பதில்லை. பிள்ளை பாதியில் திரும்பினால் எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும் என்ற பத்தியைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே படியுங்கள்.

ஓர் அமைப்பு நம்பகமானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விளம்பரப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு நேரடியாகக் கேளுங்கள். அங்கே எங்கள் பிள்ளைக்குப் பொறுப்பான ஒருங்கிணைப்பாளர் எவ்வளவு தொலைவில் இருப்பார்? மாதம் ஒருமுறையாவது பிள்ளையிடம் பேசுவாரா? ஹோஸ்ட் குடும்பத்தின் வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்தீர்களா? குடும்பத்தை மாற்ற வேண்டுமென்றால் யார் முடிவு செய்வார், அதுவரை பிள்ளை எங்கே தங்கும்?

அமெரிக்காவில் இவற்றில் பல சட்ட விதிகளாகவே இருக்கின்றன. அமைப்பின் பிரதிநிதி மாணவர் வசிக்கும் வீட்டிலிருந்து 120 மைல் தொலைவுக்குள் இருக்க வேண்டும். மாதந்தோறும் தொடர்பில் இருக்க வேண்டும். ஹோஸ்ட் வீட்டில் 18 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை நடக்க வேண்டும். தங்கும் குடும்பம் உறுதியாகாமல் மாணவரை நாட்டுக்குள் வரவழைக்கவே கூடாது. வேறு நாட்டுக்குப் போவதானாலும் இவற்றையே அளவுகோலாக வைத்துக் கேட்கலாம். "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்று மட்டும் பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் வாங்காமல் யாராவது ஓர் ஆண்டு பிள்ளையை வைத்துக்கொள்வார்களா? அவர்களுக்கு என்ன லாபம்?

இதைக் கேட்காத பெற்றோர் இல்லை, நியாயமான சந்தேகம்தான். பழமையான திட்டங்களில் ஹோஸ்ட் குடும்பங்கள் தன்னார்வலர்களே. சிலர் இளமையில் தாங்களே பரிமாற்ற மாணவராகப் போய் வந்தவர்கள். சிலருடைய பிள்ளை இப்போது வேறெங்கோ பரிமாற்றத்தில் இருக்கிறது. சிலருக்கு ஒரே பிள்ளை, துணைக்கு ஒருவர் இருந்தால் நல்லது என்று நினைக்கிறார்கள். பிள்ளைகள் இல்லாத தம்பதியரும் வயதானவர்களும் கூட உண்டு.

இதிலிருந்து ஒரு விளைவு வருகிறது. பணம் வாங்காதவர்கள் வாடிக்கையாளரை எதிர்பார்க்கவில்லை, வீட்டுப் பிள்ளையை எதிர்பார்க்கிறார்கள். உணவு மேசையிலிருந்து தட்டை அப்படியே விட்டுவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளை, தான் என்ன தவறு செய்தது என்று தெரியாமலேயே அந்த வீட்டின் மனத்தை இழந்துவிடும். ஹோஸ்ட் குடும்பங்களிடமிருந்து வரும் புகார்களில் பெரும்பகுதி இப்படிச் சிறிய விஷயங்கள்தான்: ஈரத் துண்டு கட்டிலில் கிடக்கிறது, குளியலறையை முக்கால் மணி நேரம் யாரும் நெருங்க முடியவில்லை, எங்கே போகிறோம் என்று சொல்லாமல் போகிறது.

அந்தக் குடும்பத்துக்கு எழுதும் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

விண்ணப்பத்தில் உள்ள மற்ற தாள்கள் எல்லாம் அலுவலகத்துக்கு. இந்தக் கடிதம் மட்டும்தான் ஒரு வீட்டின் சமையலறையில் உரக்கப் படிக்கப்படுகிறது. "எனக்கு இசை பிடிக்கும், படிக்கப் பிடிக்கும், புதிய பண்பாடுகளை அறிய ஆவல்" என்று எழுதினால், அடுத்த கடிதத்திலும் அதே வரிகள் இருக்கும். நான் பார்த்ததில் ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் நான் யாருடனும் பேசமாட்டேன், கோபம் என்று நினைத்துவிடாதீர்கள், தம்பியிடம் சதுரங்கத்தில் தோற்றால் காய்களைக் கலைத்துவிடுவேன், திருத்திக்கொண்டு வருகிறேன். அவளுக்குக் குடும்பம் சீக்கிரமே அமைந்ததில் எனக்கு வியப்பில்லை.

உணவுக் கட்டுப்பாடு, வழிபாடு, செல்லப் பிராணிகள் மீதான பயம், ஒவ்வாமை, எடுத்துக்கொள்ளும் மருந்து என எதையும் மறைக்காதீர்கள். மனநலச் சிகிச்சை பெற்றிருந்தால் அதையும் மருத்துவப் படிவத்தில் எழுத வேண்டும். வாய்ப்பு போய்விடுமே என்று மறைத்தால், பிறகு உதவி தேவைப்படும் இடத்தில் உதவ யாருக்கும் வழி தெரியாது.

அந்த நாட்டு மொழி தெரியாமல் போகலாமா?

நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவுக்கு ஆங்கிலத் தேர்வு உண்டு. ஜப்பான், பிரேசில், இத்தாலி போன்ற நாடுகளுக்குப் பல திட்டங்கள் அடிப்படை கூடத் தெரியாதவர்களையும் ஏற்கின்றன.

முதல் வாரங்களில் வருவது அறிவுக் களைப்பு. காலை முதல் மாலை வரை புரியாத ஒலியைக் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் மாலையில் தலை கனத்து, எட்டு மணிக்கே தூக்கம் சுழற்றும். உணவு மேசையில் எல்லோரும் சிரிக்கும்போது தானும் சிரித்துவைத்து, எதற்கென்று தெரியாமல் விழிப்பார்கள். பிறகு ஒருநாள், பெரும்பாலும் மூன்றாவது நான்காவது மாதத்தில், பஸ்ஸில் பின்னிருக்கையில் இருவர் பேசுவது முயற்சியே இல்லாமல் காதில் விழும். அதை எந்த வகுப்பும் கொடுத்துவிட முடியாது. போவதற்கு முன் வினைச்சொற்களைப் படித்து வைத்துக்கொண்டால் அந்த நாள் கொஞ்சம் முன்னதாக வரும்.

வீட்டு விதிகளை எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டால் தவறாக நினைப்பார்களா?

கேளுங்கள், முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள்ளேயே கேளுங்கள். ரோட்டரியில் இதற்கென்றே ஒரு கேள்விப் பட்டியல் புழக்கத்தில் இருக்கிறது. மாணவரும் குடும்பமும் சேர்ந்து உட்கார்ந்து நிரப்புவார்கள். உங்களை எப்படி அழைக்கட்டும்? குளிர்பதனப் பெட்டியில் இருப்பதை நானே எடுத்துக்கொள்ளலாமா? துணியை யார் துவைப்பது? அறைக் கதவைச் சாத்தலாமா? இரவு எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும்? இவ்வளவு சாதாரணமான கேள்விகள்தான். முதல் வாரத்தில் கேட்டால் அக்கறை. மூன்றாவது மாதத்தில் கேட்டால் சண்டை.

பிள்ளையுடன் தினமும் காணொளியில் பேசலாமா?

வேண்டாம். இந்தப் பதிலுக்குத்தான் பெற்றோர் முகம் சுருங்குகிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். உடல் அங்கேயும் மனம் இங்கேயுமாக இருக்கும் பிள்ளை இரண்டு வீட்டிலும் இருக்காது. பல அமைப்புகள் வாரத்துக்கு ஒருமுறை பேசினால் போதும் என்று அறிவுறுத்துகின்றன. நானும் அதைத்தான் சொல்வேன். நாளையும் நேரத்தையும் ஹோஸ்ட் குடும்பத்தின் உணவு நேரத்தில் இடிக்காதபடி முடிவு செய்யுங்கள்.

பிள்ளை அழுதுகொண்டே அழைக்கும் நாள் வரும். அழுது முடித்தபின் அது கண்ணைத் துடைத்துக்கொண்டு நண்பர்களுடன் பந்து விளையாடப் போய்விடும். நீங்கள்தான் இரவெல்லாம் தூங்காமல் கிடப்பீர்கள். உடனே ஹோஸ்ட் அம்மாவை அழைத்து விசாரிப்பதும், டிக்கெட் எடுப்பதைப் பற்றிப் பேசுவதும் நிலைமையைக் கெடுக்கும். "இதை யாரிடம் அங்கே சொன்னாய்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி பிள்ளையை ஒருங்கிணைப்பாளரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

வீட்டு ஏக்கம் எப்போது அதிகமாக இருக்கும்?

பலர் நினைப்பதுபோல முதல் வாரத்தில் இல்லை. முதல் வாரம் புதுமையிலேயே ஓடிவிடும். 1955-இல் ஸ்வெர்ரெ லிஸ்கார்ட் என்ற நார்வே சமூகவியலாளர், அமெரிக்கா சென்று திரும்பிய நார்வேக்காரர்களை ஆராய்ந்து, மனநிலை உயரத்தில் தொடங்கிச் சரிந்து மீண்டும் ஏறுகிறது என்று எழுதினார். பின்னாளில் வந்த ஆய்வாளர்கள் எல்லோருக்கும் அந்த வளைவு பொருந்துவதில்லை என்று மறுத்திருக்கிறார்கள், அதுவும் சரியே. சிலருக்குச் சரிவே வராது, சிலருக்கு மூன்று முறை வரும். ஆனால் இரண்டாவது மாதத்திலிருந்து, குறிப்பாகப் பகல் குறுகும் குளிர்காலத்தில், பண்டிகை நாட்களில் எதிர்பார்த்திருங்கள்.

சலிப்பும் இதில் சேரும். வெளிநாட்டுச் செவ்வாய்க்கிழமையும் செவ்வாய்க்கிழமைதான்: பள்ளி, வீட்டுப்பாடம், பாத்திரம், தூக்கம். பள்ளி முடிந்த பிறகு ஒரு குழுவில், அது கைப்பந்தோ பாட்டோ நாடகமோ, சேர்ந்துகொண்ட பிள்ளைகள் இந்த மாதங்களை எளிதாகக் கடக்கிறார்கள். நண்பர் பட்டியலில் தாய்நாட்டவரும் சக பரிமாற்ற மாணவர்களும் மட்டுமே இருப்பவர்களுக்குக் கடினம்.

ஹோஸ்ட் குடும்பத்துடன் ஒத்துவரவில்லை என்றால்? பாதுகாப்புப் பிரச்சினை என்றால்?

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். ஒத்துவராமை என்பது இரு தரப்பும் நல்லவர்களாக இருந்தும் வருவது. ஒருங்கிணைப்பாளர் இருவரையும் உட்காரவைத்துப் பேசுவார். சில வாரம் பார்ப்பார். சரிவரவில்லை என்றால் வீடு மாற்றுவார். வீடு மாறுவது தோல்வி இல்லை. ரோட்டரியில் ஓர் ஆண்டில் இரண்டு மூன்று குடும்பங்களில் மாறி மாறித் தங்குவதே வழக்கமாக இருக்கிறது.

பாதுகாப்பு வேறு. தகாத தொடுகை, தகாத பேச்சு, அடி, மிரட்டல், போதிய உணவு தராமை, பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்தல் ஆகிய எதற்கும் காத்திருப்பு இல்லை. அன்றே சொல்ல வேண்டும், அன்றே அந்த வீட்டை விட்டு வெளியேற்ற வேண்டும். ஒருங்கிணைப்பாளர் எடுக்கவில்லை என்றால் அமைப்பின் 24 மணி நேர எண், பள்ளி ஆலோசகர், காவல்துறை. அமெரிக்காவில் பரிமாற்ற மாணவர்களுக்கென வெளியுறவுத் துறையே ஓர் உதவி எண்ணை வைத்திருக்கிறது. இந்த எண்களைச் செல்பேசியில் மட்டும் வைக்காமல் தாளிலும் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். யார் மீது புகார் சொன்னாலும் உன்னைத் திட்டமாட்டோம் என்பதையும் புறப்படும் முன்பே வெளிப்படையாகச் சொல்லிவையுங்கள். தன் பெற்றோரின் பணம் வீணாகிவிடுமே என்று வாய்திறக்காமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு.

என்னென்ன செய்யக் கூடாது?

மது, போதைப்பொருள், வாகனம் ஓட்டுவது ஆகியவை ஏறக்குறைய எல்லாத் திட்டங்களிலும் தடை. மீறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ரோட்டரி வட்டாரத்தில் காதல் உறவையும் இந்த வரிசையில் சேர்ப்பது வழக்கம். ஜே-1 விசாவில் முழுநேரமோ பகுதிநேரமோ வேலைக்குப் போக முடியாது; அக்கம்பக்கத்தில் எப்போதாவது குழந்தையைப் பார்த்துக்கொள்வது, தோட்ட வேலை செய்வது போன்றவை பரவாயில்லை. அமைப்பின் அனுமதியின்றித் தனியாகப் பயணம் போகவும் கூடாது.

நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா?

ஆண்டின் இறுதியில் போகலாம். நடுவில் போனால் மெல்ல வேரூன்றிய செடியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு மீண்டும் நடுவதுபோல ஆகிவிடும். பல அமைப்புகள் இதை விதியாகவே வைத்திருக்கின்றன.

அந்த ஆண்டுப் படிப்பு இங்கே செல்லுமா? ஓர் ஆண்டு வீணாகிவிடாதா?

செல்லுமா என்பதை உங்கள் பள்ளியும் கல்வி வாரியமும்தான் முடிவு செய்யும். போவதற்கு முன்பே அவர்களிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்மொழி உறுதி, தலைமையாசிரியர் மாறினால் காற்றோடு போய்விடும். எந்தப் பாடங்களை எடுத்தால் ஏற்பார்கள் என்று கேட்டுக்கொண்டு, அங்கே பாடத் தேர்வின்போது அந்தப் பட்டியலைக் கையில் வைத்திருங்கள். திரும்பும்போது முத்திரையிட்ட மதிப்பெண் பட்டியலும் பாடத்திட்ட விவரமும் வாங்கிவர வேண்டும். அமெரிக்கப் பள்ளிகள் பல, பரிமாற்ற மாணவருக்குப் பள்ளி நிறைவுச் சான்றிதழ் தருவதில்லை. பட்டமளிப்பு விழாவில் அங்கி அணிந்து நடக்க மட்டும் அனுமதிக்கலாம்.

வகுப்பைத் திரும்பப் படிக்க நேரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதை ஏற்க மனம் இல்லாவிட்டால் அரையாண்டுத் திட்டத்தையோ கோடை விடுமுறைத் திட்டத்தையோ பாருங்கள். அரையாண்டில் ஒரு குறை: மொழி பிடிபட்டு, நண்பர்கள் அமையும் நேரத்தில் பெட்டி கட்ட வேண்டியிருக்கும்.

பின்னாளில் இதனால் என்ன பயன்?

ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவர் கிறிஸ்டின் லகார்ட் பதின்ம வயதில் ஏஎஃப்எஸ் மாணவியாக அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஓர் ஆண்டு படித்தவர். ஐ.நா. துணைப் பொதுச் செயலாளராக இருந்த ஸ்வீடனின் யான் எலியாசனும் அதே அமைப்பில் போய் வந்தவர். இவர்களைக் காட்டிப் பிள்ளையை உசுப்பேற்ற வேண்டாம். போய்வந்தவர்களில் பெரும்பாலோர் சாதாரண வேலையில் சாதாரணமாக இருக்கிறார்கள். தெரியாத ஊரில் தெரியாத மேசையில் உட்கார்ந்து பேச்சைத் தொடங்க அவர்களுக்குத் தயக்கம் இருப்பதில்லை. அந்த அளவுக்கு நான் உறுதியாகச் சொல்வேன்.

திரும்பி வந்த பிறகு பிள்ளை மாறிவிடுமா?

மாறும். அங்கே எல்லாம் நன்றாக இருந்தது, இங்கே ஒன்றும் சரியில்லை என்று சில மாதம் எரிச்சலூட்டும். பழைய நண்பர்கள் இரண்டு நாள் கதை கேட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள், அது வலிக்கும். வாதாடாதீர்கள். தன் துணியைத் தானே துவைக்க எழுந்தால் தடுக்காதீர்கள். ஹோஸ்ட் அம்மாவை "அம்மா" என்று தொலைபேசியில் அழைப்பதைக் கேட்டால் பொறாமை வரும். அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பழகுங்கள். அமைப்புகள் திரும்பியவர்களுக்குக் கூட்டம் நடத்துவதுண்டு, கட்டாயம் அனுப்புங்கள்.

பரிமாற்றம் என்பதால் பதிலுக்கு நாங்கள் ஒரு வெளிநாட்டுப் பிள்ளையை ஏற்க வேண்டுமா?

ஏஎஃப்எஸ், ஒய்எஃப்யூ போன்றவற்றில் பொதுவாக அந்தக் கட்டாயம் இல்லை. சில ரோட்டரி சங்கங்கள் எதிர்பார்க்கும், விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள். கட்டாயம் இல்லாவிட்டாலும், பிள்ளையை அனுப்பும் முன்பு சில வாரங்களுக்காவது ஒரு மாணவரை வீட்டில் வைத்துப் பாருங்கள் என்பது என் பரிந்துரை. வேறொரு தாயின் பிள்ளை உங்கள் குளியலறையை முக்கால் மணி நேரம் அடைத்துவைக்கும்போது மேலே சொன்ன பதில்களில் பாதி தானாகப் புரிந்துவிடும். தனிக் கட்டில், படிக்க ஒரு மேசை, வீட்டில் எல்லோருடைய சம்மதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம்; அவர்கள் நேரில் வந்து வீட்டைப் பார்ப்பார்கள்.